கோர்ட்டு அத்தை

கார்விக் கோர்ட்டைச் சுற்றி ஊர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. செங்கல்லில் கட்டிய கோர்ட்டு, அதன் முதுகோடு ஒட்டினாற்போல் ஜெயில், எதிரே ஹாஸ்கின்ஸ் துரையின் விடுதி, ஒரு கொல்லன் பட்டறை, வக்கீல்கள் வீடு இரண்டு மூன்று. அவ்வளவுதான். மாதத்துக்கு ஒருமுறை கோர்ட்டு கூடும் நாளில் குதிரையும் வண்டியுமாக நிறையும். மற்ற நாளில் மைதானத்தில் பன்றிகள்தான் படுத்துக் கிடக்கும். ஆனால் ஜனவரி முதல் தேதி அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அது ஆள் எடுக்கிற நாள்.

அடிமைக் காலத்தில் எல்லா எஜமானுக்கும் தன் ஆட்களுக்குக் கொடுக்க வேலை இருக்காது. புருஷனை இழந்த வெள்ளைக்கார அம்மாக்கள், அண்ணன் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பன்மார்கள், இவர்களெல்லாம் தங்கள் ஆட்களை அன்றைக்குக் கோர்ட்டுப் படிக்குக் கூட்டி வருவார்கள். ஷெரீப்பின் ஆள் படியில் ஏறி நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூவுவான். கேட்டு எடுத்தவன் அடுத்த கிறிஸ்துமஸ் வரை வைத்து வேலை வாங்கலாம். கூலி எஜமானுக்குப் போகும். உழைத்தவனுக்கு வருஷக் கடைசியில் ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு தொப்பி, ஒரு கம்பளி. அதனால் அந்த ஒரு நாள் எங்கள் கறுப்பு ஜனங்கள் எல்லாரும் புதுசு போட்டுக்கொண்டு நிற்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். கிட்டே வந்தால்தான் எந்தத் தாய் எந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பது தெரியும்.

அந்த நாளுக்காக வருஷம் முழுக்க ஏங்கிக் கிடந்தவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் லெட்டி.

பர்வெல் பண்ணையில் இருந்த லெட்டி வேறு. அவள் சூக்கியின் மகள், கொஞ்சம் நொண்டுவாள். இந்த லெட்டி ஜூடாவின் மகள், புரூயிட் விதவையம்மாவுக்குச் சொந்தமானவள். ஜூடாவை விற்றதும் இதே படியில்தான், லெட்டி நடை பழகின சமயத்தில். தாயின் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. கழுத்தின் வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது என்பாள். விவரம் தெரிந்த வயதிலிருந்து விதவையம்மா அவளை ஹாஸ்கின்ஸ் விடுதிக்குத்தான் வாடகைக்கு விட்டு வந்தாள். அவள் கையில் சோளரொட்டி நன்றாக வரும் என்பதால் ஹாஸ்கின்ஸ் துரையும் வருஷா வருஷம் விடாமல் அவளையே கேட்டு எடுத்தார். விடுதியின் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே கோர்ட்டுப் படி.

ஐஷமை அவள் முதலில் பார்த்தது ஓர் ஆள் எடுக்கிற நாளில்தான். ஜெயில் சுவரோரம் உட்கார்ந்து, கொடுத்திருந்த புது பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் விரல்களை ஊதிக்கொண்டிருந்தான். ஜெயிலுக்குக் கஞ்சி கொண்டுபோன லெட்டி நின்றாள்.

"யாரு கால அளவெடுத்து வாங்கினாங்க அத? உன் காலையா, உன் தம்பி காலையா?"

"என் எசமானனுக்கு என் கால் எங்க தெரியும்? அவரு பாத்ததெல்லாம் என் முதுகுதான்," என்றான் அவன்.

லெட்டி சிரிப்பை அடக்க முடியாமல் கஞ்சியைக் கொஞ்சம் சிந்திவிட்டாள். ஜெயிலில் இருந்தவன் அன்றைக்கு அரை வயிற்றோடு படுத்திருப்பான்.

ஐஷம், லெட்பெட்டர் துரையின் ஆள். அடுத்த ஜனவரி முதல் தேதி அதே சுவரோரம் வைத்து, கொல்லன் பட்டறை ஸ்குவயர் மாமா இரண்டு வார்த்தை ஜெபம் சொல்லி அவர்களைச் சேர்த்துவைத்தார். கோர்ட்டு எங்களைப் பற்றி எழுதாதது ஒன்றும் இல்லை. யார் யாருக்குச் சொந்தம், யாரை யார் விற்றார், யார் ஓடிப்போனார், யாருக்கு எத்தனை அடி, எல்லாம் எழுதும். கல்யாணத்தை மட்டும் எழுதாது. அதனால் அந்தச் சுவரும் ஸ்குவயர் மாமாவும்தான் சாட்சி.

கல்யாணமான அன்றைக்கே ஐஷம் ஒரு புகையிலைக் காட்டுக்குப் போனான். மறு வருஷம் இரும்பு உலைக்கு. அதற்கு மறு வருஷம் ரயில் பாதைக்காக மலையை வெட்டும் இடத்துக்கு. அங்கே பாறைக்கு வைத்த வெடி தவறி வெடித்து அவனுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் போயின. வெளியே போக எஜமான் எழுதிக் கொடுக்கும் சீட்டு கிடைத்தால் ஈஸ்டருக்கு ஒருமுறை வருவான். கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸ் வரை இல்லை. ஆனால் ஜனவரி முதல் தேதி மட்டும் எந்த மலையில் இருந்தாலும் அவனைக் கொண்டுவந்து கோர்ட்டுப் படியில் நிறுத்தியே ஆகவேண்டும், மறுபடி வாடகைக்கு விட. எங்கள் ஜனங்கள் அழுகிற அந்த நாளில்தான் லெட்டிக்குப் புருஷன் கிடைத்தான். காலையில் கூவத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், கூவி முடித்துப் புது எஜமான் வண்டி பூட்டும் வரை கொஞ்ச நேரம். அந்த நேரத்துக்கு என்று காராமணியும் பன்றிக் கறியும் ஒரு சட்டியில் வேகவைத்து, மூடி, துணி சுற்றி வைத்திருப்பாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டு முடித்த பிறகு அவன் எந்தத் திசையில் போகிறானோ அந்தத் திசையிலிருந்து வீசும் காற்றைக்கூட வருஷம் முழுக்கக் கவனிப்பாள்.

எங்கே போகிறோம் என்பதை மற்றவர்களும் அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். என் தங்கச்சி வந்தால் நான் உலைக்குப் போயிட்டேன் என்று சொல்லு, என் மகன் வந்தால் அவன் ஆத்தா செத்துப்போனாள் என்று பையச் சொல்லு, இப்படி. அத்தனையையும் அவள் மனசுக்குள்ளே கொடி கட்டித் துணி காயப்போட்ட மாதிரி வைத்திருப்பாள். யார் வந்து கேட்டாலும் அவரவர் துணியை எடுத்துக் கொடுப்பாள்.

அவர்களுக்கு வைனி பிறந்து, அடுக்களைத் திண்டைப் பிடித்து நிற்கத் தொடங்கியபோது லெட்பெட்டர் துரை இறந்துபோனார். அவர் மகன்கள் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஆட்களை எல்லாம் விற்றுப் பிள்ளைகளுக்குப் பங்கு போடச் சொல்லிக் கோர்ட்டு தீர்ப்புக் கொடுத்தது. பிப்ரவரி மாதக் கோர்ட்டு நாளில் லெட்டி அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோது படியில் ஐஷம் நின்றான். பூட்ஸ் இல்லாமல் நின்றான். வருஷத்துக்கு எடுக்கிற ஆளைத்தான் பூட்ஸோடு நிறுத்துவார்கள். விற்கிற ஆளைக் காலையும் பார்க்கும்படி நிறுத்துவார்கள்.

அவள் கூச்சல் போடவில்லை. ஷெரீப்புக்குக் காபி கொண்டுபோகட்டுமா என்று ஹாஸ்கின்ஸ் அம்மாவிடம் கேட்டாள். போ என்றாள் அந்த அம்மா. ஹாஸ்கின்ஸ் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே அனுப்பினாள், அந்த மட்டும் அவளுக்குப் புண்ணியம். ஏலம் முடிந்து, தெற்கே அலபாமாவுக்கு ஆள் வாங்கிப் போகும் வியாபாரி காகிதத்தில் கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தான். லெட்டி கோப்பையோடு படியோரம் நின்றாள்.

"எங்கயும் போயிடாத," என்றான் ஐஷம்.

"போறது வர்றது என் கையிலயா இருக்கு?"

"கேளு. எந்தச் சீமைக்குக் கொண்டுபோனாலும் ஒரு ஜனவரி முதல் தேதி இந்தப் படியில வந்து நிப்பேன். அது எந்த வருசம்னு எனக்குத் தெரியாது. நீ இங்க இரு. இங்கதான் என்னால உன்னத் தேட முடியும். வேற எங்கன்னு போய்த் தேடுவேன்?"

அவள் தலையை ஆட்டினாள். வியாபாரி வெளியே வந்தான். காபி ஆறிப்போய்விட்டதென்று ஷெரீப் அவளைத் திட்டினார்.

பிறகு வடக்குக்கும் தெற்குக்கும் யுத்தம் வந்தது. வடக்கத்தி நீலச் சட்டைச் சிப்பாய்கள் கோர்ட்டு வேலியில் குதிரைகளைக் கட்டினார்கள். எங்களுக்கு விடுதலை என்று அதே படியில் நின்று ஒருவர் வாசித்தார். வாசித்து முடித்த வாரத்திலேயே ஜனங்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்டாட்டியைத் தேடி, பிள்ளையைத் தேடி, எட்டுத் திக்கும் போனார்கள். எங்கள் பக்கத்துச் சாலைகளில் அந்தக் கோடையில் நடக்காதவர்களே இல்லை. லெட்டி மட்டும் நடக்கவில்லை. எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகணும், ஐஷமும் அப்படித்தான் வருவான் என்று விடுதிப் பின்கட்டிலேயே இருந்தாள்.

அடுத்த வருஷம், அடிமைக் காலத்துக் கல்யாணங்களை எல்லாம் எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி கோர்ட்டுக்கு வந்தார். எங்கள் ஜனங்கள் கிழவன் கிழவி எல்லாம் கை கோத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். லெட்டியும் தனியாகப் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

"உன் புருஷன் எங்க?" என்றார் அதிகாரி.

"வருவாரு, துரை."

"வந்தப்புறம் ரெண்டு பேருமா வாங்க. சேந்து வாழுறவங்களத்தான் எழுத முடியும்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். லெட்டி வரிசையை விட்டு விலகிப் படியில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு வரிசையில் நின்ற அத்தனை ஜோடியும் அவளைக் கடந்துதான் இறங்கிப் போயின.

வருஷங்கள் போயின. ஹாஸ்கின்ஸ் துரையும் போய்ச் சேர்ந்தார், விடுதியும் மூடிக்கிடந்தது. லெட்டி பின்கட்டில் இருந்தபடியே துணி வெளுத்தாள். கோர்ட்டு நாளில் ஆப்பிளை வதக்கி உள்ளே வைத்துச் சோமாசி மாதிரி மடித்துப் பொரித்து, படியோரம் கூடையில் வைத்து விற்றாள். வக்கீல்மார்கள் வாதாடிக் களைத்து வந்து வாங்கித் தின்பார்கள். ஜனவரி முதல் தேதி இப்போது எங்கள் ஜனங்களுக்குக் கொண்டாட்ட நாளாகிவிட்டது. விடுதலை நாள் என்று கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள், சர்ச்சில் விருந்து நடக்கும். லெட்டி எதற்கும் போகமாட்டாள். காராமணிச் சட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை படியில் உட்கார்ந்திருப்பாள். இருட்டிய பிறகு தானே சாப்பிடுவாள். புதிதாகக் குடிவந்த ஜனங்களுக்கு அவள் பெயரே தெரியாது. சின்னவர்கள் கோர்ட்டு அத்தை என்று கூப்பிட்டார்கள், பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் கோர்ட்டே இடம் மாறிப்போனது. ரயில் வந்த பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டோவர் ஸ்டேஷன் என்று ஊர் பெருத்துவிட்டது. அங்கேதான் கோர்ட்டு இருக்கவேண்டும் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். மணியை இறக்கி வண்டியில் ஏற்றினார்கள், பெஞ்சுகளை ஏற்றினார்கள், ஜெயில் பூட்டைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். கார்விக் கோர்ட்டு என்ற பெயரையும் எடுத்துக்கொண்டுபோய் ரயிலடிப் பலகையில் எழுதிவிட்டார்கள். பழைய கட்டடத்தை ஒருவர் வாங்கி வைக்கோல் போட்டுவைத்தார்.

வைனி அதற்குள் கல்வின் என்ற தச்சனைக் கட்டிக்கொண்டு அதே ஸ்டோவர் ஸ்டேஷனில்தான் இருந்தாள். அம்மாவைக் கூட்டிப்போக வண்டியோடு வந்தாள்.

"அம்மா, கோர்ட்டே கெளம்பிப் போயிடுச்சு. நீ மட்டும் யாருக்குக் காவல் இருக்க? வைக்கோலுக்கா?"

"படி போகலியே."

"நான் ஒண்ணு கேக்குறேன். அப்பா வந்தா யாரையாச்சும் வழி கேப்பாரா மாட்டாரா?"

"கேப்பான்."

"கார்விக் கோர்ட்டு எங்கன்னு கேட்டா எவன் அவர இங்க அனுப்புவான்? ரயிலேத்தி எங்க ஊருக்குத்தான் அனுப்புவான். அங்க வந்து அவரு நிக்க, இங்க நீ உக்காந்திருக்க."

லெட்டி மகளை வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பினாள். ஆனால் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அடுத்தடுத்த ஜனவரிகளில் படியில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இந்த நிமிஷம் அங்கே நிற்கிறானோ என்று தோன்றும். எழுந்து போகலாம் என்றால், போன பிறகு இங்கே வந்துவிட்டால் என்று தோன்றும். அங்கே போய்ச்சேர ஒரு முழுநாள் பயணம், நடுவில் ஆறு வேறு. இரண்டு படியிலும் ஒரே நாளில் உட்கார முடியாது. முன்பெல்லாம் காத்திருப்பதிலும் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அது போய்விட்டது.

கடைசியில் ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு வைனி வந்து அழைத்தபோது மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறிவிட்டாள். பழைய கோர்ட்டுக் குமாஸ்தா அறையில் அந்தக் குளிர்காலம்தான் ஹல்டா என்ற பெண் புருஷனோடு குடிவந்திருந்தாள். கோழிகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொன்னாள் லெட்டி. வேறொன்றும் சொல்லவில்லை. தன் காத்திருப்பைப் பற்றி வெளியாரிடம் பேசிப் பழக்கம் இல்லை அவளுக்கு.

ஜனவரி முதல் தேதி காலையில் புதுக் கோர்ட்டுக்குப் போனாள். வெள்ளைத் தூண், அகலப் படி, தரையெல்லாம் பளபளப்பு. படியில் உட்காரக்கூடாது என்று கோர்ட்டுச் சேவகன் விரட்டினான். எதிர்ச் சாரியில் மீன் பொரித்து விற்கும் மஹாலா, நீ இங்கே வந்து உட்காரு அக்கா என்று ஒரு பெட்டியை இழுத்துப் போட்டாள். லெட்டி உட்கார்ந்தாள். மத்தியானம் வரை போகிற வருகிற ஆண்பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஹாலாவுக்குப் பொறுக்கவில்லை.

"யாரத் தேடுற? எல்லாவன் கையையும் இப்படிப் பாக்குறியே, உன் பணத்த எவனாச்சும் தூக்கிட்டு ஓடிட்டானா?"

"என் புருசன. இடது கையில ரெண்டு விரல் இருக்காது."

மஹாலா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"கடைசி ரெண்டு விரலா?"

லெட்டி ஆமென்று தலையசைத்தாள். மஹாலா சொன்னாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே தேதியில் ஒரு கிழவர் ரயிலில் வந்து இறங்கினாராம். ஹாஸ்கின்ஸ் விடுதி எங்கே என்று கேட்டாராம். இங்கே அப்படி ஒரு விடுதி கிடையாது என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருஷமும் அந்த விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி நாள் முழுக்க நின்றுவிட்டுச் சாயங்கால ரயிலில் போய்விட்டார்.

"போன வருசம் மனசு கேக்காம நான்தான் சொன்னேன். பெரியவரே, இது புதுசா கட்டுனது, நீங்க சொல்றது ஆத்துக்கு அந்தாண்ட இருக்குற பழைய கோர்ட்டா இருக்கும்னு. அப்படியே தலையில கைய வச்சுக்கிட்டாரு. அவருக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு. அடுத்த வருசம் அங்க போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

இந்த வருஷம்தான் அந்த அடுத்த வருஷம். லெட்டி எழுந்து நின்றாள். இத்தனை காலம் ஒரு நாள்கூட நகராமல் உட்கார்ந்திருந்த படியை விட்டு நகர்ந்த ஒரே வருஷம், அவன் அங்கே வந்து நிற்கிறான்.

கல்வின் வண்டி பூட்டினான். கோவேறு கழுதைகளை அடிக்காதவன், அன்றைக்கு அடித்தான். ஆற்றங்கரைக்கு வந்தால் ஐஸ் கட்டி மிதக்கிறது, படகு விடமாட்டேன் என்றான் துறைக்காரன். லெட்டி அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அக்கரை கண்ணுக்கு எதிரே இருந்தது. விடியட்டும் தாயி, ஆத்துல போனா பிணமாத்தான் போய்ச் சேருவ என்றான் அவன். படகுத்துறைக் கொட்டகையில் அவள் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். பொழுது விடிந்து ஐஸ் விலகிப் படகு போய், அவள் பழைய கோர்ட்டுக்கு வந்து சேரும்போது மறுநாள் மத்தியானம். படியில் யாரும் இல்லை.

ஹல்டா கோழிகளுக்குச் சோளம் வீசிக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் வந்தாங்களாடி?"

"ஆமா அத்தை, ஒரு பெரியவர் வந்தாரு. நேத்து விடியக்காலையிலேயே வந்து படியில உக்காந்துட்டாரு. சூப்புக் குடுத்தேன், குடிச்சாரு. லெட்டின்னு யாரையோ கேட்டாரு. அப்படி யாரும் இங்க இல்லியேன்னு சொன்னேன்."

கல்வின்தான் சொன்னான், "ஏம்மா, இவங்க பேருதான் லெட்டி."

ஹல்டாவின் கையிலிருந்த சோளம் கீழே கொட்டியது. "எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் கோர்ட்டு அத்தைன்னுதான கூப்புடுறாங்க. என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருந்தா..." என்று அழுதாள்.

"அவன் என்ன சொன்னான், அத மட்டும் சொல்லு."

ஹல்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல மனசில்லாமல் சொன்னாள்.

"'அப்போ செத்துட்டா போலருக்கு'ன்னாரு. கெளம்பும்போது, இனிமே இந்தப் பக்கம் வர்ற வேலை இல்லன்னு சொல்லிட்டுப் போனாரு."

எங்கே போனார் என்று கல்வின் கேட்டான். தெற்கே கரோலினா பக்கம், ரோஅனோக் ஆற்றுக்கு அப்பால் பைன் காட்டில் மரப்பிசின் எடுக்கும் டில்மன் முகாம் என்று சொன்னதாக ஹல்டாவுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு நாள் தாமதமாகப் போனாலும் வேலை போய்விடும் என்றும் சொன்னாராம்.

லெட்டி படியில் போய் உட்கார்ந்தாள். ஹல்டாவைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹல்டாவையே கூப்பிட்டு, அவன் சூப்பை முழுக்கக் குடித்தானா என்று கேட்டாள். முழுக்கக் குடித்தார் என்றாள் ஹல்டா. பல்லெல்லாம் இருக்கிறதா என்று கேட்டாள். முன்பல் இருந்த மாதிரிதான் தெரிந்தது என்றாள். கோட்டு கிழிசலா, நல்லதா என்று கேட்டாள். தலைமுடி எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கேட்டாள். இரும்பு உலைக்குப் போன வருஷத்தில் அவனுக்கு ஓர் இருமல் வந்தது, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். தெரிந்ததை எல்லாம் சொன்னாள் ஹல்டா. தெரியாததையும் நல்லதாகவே சொன்னாள்.

செய்தி கேட்டு வைனி அடுத்த நாள் ஓடிவந்தாள். வந்தவள் அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இந்தக் குளிரில் எங்கே போவாய், யாரையாவது விட்டுக் காகிதம் எழுதுவோம், வசந்தம் வரட்டும், கல்வின் போய்க் கூட்டிவருவான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"காகிதம் போயி, அத யாரோ வாசிச்சு, அவன் நம்பி... அதுக்குள்ள எத்தன நாளாகும்? என்னச் செத்தவளா நெனச்சுக்கிட்டு அவன் ஒரு ராத்திரி படுக்குறதும் எனக்குப் பிடிக்கல."

"இத்தன வருசம் பொறுத்த. இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கக்கூடாதா அம்மா?"

"இத்தன வருசமும் அவன் வருவான்னு உக்காந்திருந்தேன்டி. இனி வரமாட்டான். அப்புறம் எதுக்கு உக்காரணும்?"

லெட்டி பிறந்ததிலிருந்து ஒன்று யாராவது அவளைக் கொண்டுபோய் விட்டார்கள், இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்தாள். தானாகக் கிளம்பிய பயணம் இது ஒன்றுதான். வடமேற்குக் காற்று முதுகில் அடித்தது. தெற்குச் சாலையில் அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்ததை ஹல்டா பிற்காலத்திலும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். சாலை வளைவு வரை கல்வின் வண்டியோடு கூடவே போனான். ஏறிக்கோங்க அத்தை, ரயிலடியில விடுறேன் என்றான். வளைவில்தான் ஏறினாள்.

போனவளைப் பற்றித் தகவல் இல்லை. பிப்ரவரி போனது, புகையிலை நாற்று விட்டார்கள், நட்டார்கள், களை எடுத்தார்கள். வைனி தெற்கேயிருந்து வரும் ரயில் ஒன்றையும் விடமாட்டாள். கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா சாப்பிட்டிருப்பாளா என்று நினைப்பாள். உனக்கும் உங்க அம்மா வியாதி வந்துடுச்சு என்று கல்வின் கேலி செய்தான். ஒரு தடவைதான் செய்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு செய்யவில்லை.

புகையிலை வெட்டும் சமயத்தில் பிசின் பீப்பாய் ஏற்றிவந்த ஒருவர் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். வண்டிக்காரர், நேதன் என்று பெயர், டில்மன் முகாமிலிருந்து வருவதாகச் சொன்னார். வைனி அவரை உட்காரக்கூடச் சொல்லாமல், என் அம்மா உயிரோட இருக்காளா என்று கேட்டாள்.

"இருக்காங்களாவா? அந்த அம்மா வந்ததுல இருந்து முகாமுல எவனும் அழுக்குச் சட்டையோட சாப்பாட்டுக்கு உக்கார முடியல," என்றார் நேதன்.

அப்புறம்தான் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். லெட்டி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஷம் மரத்தில் வெட்டுப் போட்டுக்கொண்டிருந்தாராம். யாரோ பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று சொன்னதற்கு, எனக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாராம். பின்னால் போய் நின்று அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கோடரி கையிலிருந்து நழுவிவிட்டது. அலபாமாவில் அவருக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள், அவள் செத்துப்போன பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். அவள் வயிற்றுப் பிள்ளை ஒருவன் வளர்ந்த ஆளாய் முகாமிலேயே இருக்கிறான். அதைச் சொல்லும்போது ஐஷம் தலையைக் குனிந்துகொண்டாராம். லெட்டி அன்றைக்கு ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ரொட்டி தட்டினாள்.

"இப்ப ரெண்டு பேரும் தெனம் சண்டதான். உப்ப அள்ளிக் கொட்டுறாள்னு அவரு. நாக்குல ருசி செத்துப்போச்சுன்னு அந்த அம்மா. கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் நேதன்.

வைனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பாவைப் பற்றி அவளுக்கு ஞாபகம் என்று ஒன்றும் கிடையாது. அவர் உயரமா என்று கேட்டாள். என்னைவிட ஒரு கை உயரம் என்றார் நேதன். அம்மா எப்போது வருகிறேன் என்று சொன்னாள் என்று கேட்டாள்.

நேதன் மோர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"வர்றேன்னு சொல்லல தாயி. கோழிய ஹல்டாவே வச்சுக்கட்டும்னு சொல்லச் சொன்னாங்க. அப்புறம், உங்கப்பாதான் சொல்லச் சொன்னாரு, கைக்குழந்தையில பாத்த மொகமாம். ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போன்னு."

அவர் வண்டியில் ஏறிக் கயிற்றைக் கையில் எடுத்த பிறகும் வைனி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த ரயிலடியில் இறங்கவேண்டும், ஆற்றை எந்தத் துறையில் தாண்டவேண்டும், அங்கிருந்து முகாம் எந்தப் பக்கம், எல்லாம் கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். சொன்னதையே முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.